சாமை வந்தாளா?

இத எழுத வேணாம்னுதான் மொதல்ல இருந்தேன். பத்தாவது ரெண்டு தடவ எழுதி ரெண்டு தடவயும் கணக்குல போனவனுக்கு நோட்டும் பேனாவும் எதுக்குன்னு மூடி வெச்சிட்டேன். அதுவும் இல்லாம, நான் கடைசியா ஒழுங்கா எழுதினது ஒரே ஒரு மனு. அந்த மனுவால எங்க ஊரு மொத்தமும் மாட்டப் பாத்துச்சு. எழுதினா வெனை வரும்னு எனக்கு அனுபவமே இருக்குது.

ஆனா போன வாரம் ஓசூர்ல பஸ்ஸுக்கு நிக்கறப்ப ஒரு செவுத்தப் பாத்தேன். மேல பேப்பருல ஒட்டின ஒரு போர்டு, ‘மலையைக் காப்போம், உள்ளே நுழையாதீர்’னு. அதுக்குக் கீழயே ஒரு போஸ்டர், ‘மலை மக்களின் கலை விழா, அனைவரும் வருக’ன்னு. அதாவது மலையில மனுசன் இருக்கக் கூடாது, மனுசன் மைதானத்துல வந்து ஆடணும். ரெண்டையும் ஒட்டினவன் ஒரே ஆளாத்தான் இருக்கணும், பசை ஒரே மாதிரி வழிஞ்சிருந்துச்சு. அந்தக் கடுப்புலதான் எழுதறேன். தப்பு இருந்தா கணக்கு வாத்தியாரக் கேளுங்க.

எங்க ஊரு ஜவளகிரிக்கு அந்தாண்ட, காட்டு ஓரம். பஸ்ஸு ஒரு நாளைக்கு ரெண்டு தடவ வரும். யானை ரோட்டுல நின்னா ஒரு தடவ. ஊருக்கு மேல ஒரு மலை, மலை மேல ஒரு பெரிய பாறை, பாறைக்கு அடியில தண்ணி வத்தாத சுனை, சுனைக்குப் பக்கத்துல அம்மா. நாங்க மலையம்மான்னு சொல்லுவோம். கன்னடம் பேசற ஊட்டுக்காரங்க பெட்டதம்மான்னுவாங்க, தெலுங்கு ஊட்டுக்காரங்க கொண்டம்மான்னுவாங்க. எந்தப் பேரச் சொன்னாலும் திரும்பிப் பாக்கறவ ஒருத்திதான்.

ஊர்ல ஏழு வகையறா. ஒவ்வொரு வகையறாவுக்கும் அம்மா ஒரு தானியம் குடுத்திருக்கறா. ஒருத்தருக்கு ராகி, ஒருத்தருக்குத் தெனை, ஒருத்தருக்கு அவரை, இப்படி. எங்களுக்குச் சாமை. நீ வேற என்ன வேணாலும் போட்டுக்கோ, தக்காளி போடு, பீன்ஸு போடு, ஆனா உன் தானியத்த ஒரு மூலையிலாவது வெதச்சே ஆகணும். ஏன்னா தை மாசம் ஒரு வேலை இருக்குது.

பொங்கல் முடிஞ்சு வர்ற மூணாவது செவ்வாக்கெழம எங்க பண்டிகை. அதுக்கு ஒம்பது நாளு இருக்கறப்ப, ஒவ்வொரு வகையறாவும் ஒரு கூடையில மண்ணும் எருவும் போட்டு, தன் தானியத்த வெதச்சு, மேல இன்னொரு கூடையக் கவுத்து இருட்டுல வெக்கணும். அந்த ஊட்டுல கல்யாணமாகாத பையன்தான் தண்ணி தெளிக்கணும். வேற யாரும் தொறந்து பாக்கக் கூடாது. ஒம்பதாம் நாளு ஏழு கூடையும் மலையடிவாரத்துக்கு வரணும். அங்க பூசாரி நின்னுக்கிட்டு ஒவ்வொண்ணாக் கூப்புடுவாரு.

“ராகி வந்தாளா?”

ராகி ஊட்டுக்காரங்க கன்னடத்துல “பந்தளம்மா”ம்பாங்க. தெனை ஊட்டுக்காரங்க தெலுங்குல “வச்சிந்தம்மா”ம்பாங்க. நாங்க “வந்துட்டாம்மா”ன்னு கத்துவோம். கம்பெனியில சூப்பர்வைசரு காலையில அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரியேதான். ஒரே வித்தியாசம், இங்க ஒருத்தன் வரலன்னா ஒருத்தனுக்கும் வேலை இல்ல. ஆறு வந்து ஒண்ணு வரலன்னா மலை தொறக்காது. மலை தொறக்கலன்னா கூரைப்புல்லு அறுக்கக் கூடாது, நெல்லிக்கா பறிக்கக் கூடாது, ஆடு மேல ஏறக் கூடாது. அந்த வருஷம் பூரா.

சின்ன வயசுல எனக்கு இது சுத்த லூசுத்தனமாத்தான் தெரிஞ்சுது. மார்கழியிலயே நெல்லிக்கா தொங்கும், திருடித் தின்னு ஒதையும் வாங்கியிருக்கறேன். அப்பறம்தான் கவனிச்சேன். தை மாசம் பொறந்து பாதி போறதுக்குள்ள புல்லு பூராவும் தன் வெதையக் கொட்டிட்டு நிக்கும். அதுக்கப்பறம் அறுத்தா புல்லுக்கு ஒண்ணும் நட்டம் இல்ல. அம்மா நம்மளக் காக்க வெக்கறது புல்லுக்காக. இத எனக்கு யாரும் சொல்லித் தரல. சொல்லித் தந்திருந்தா நான் நம்பியிருக்கவும் மாட்டேன்.

இன்னொண்ணு. மலை ஏறறப்ப ஊட்டுக்கு ஒரு உண்ணிப் புதர வேரோட புடுங்கிப் போட்டுட்டுத்தான் மேல போகணும். உண்ணிச்செடி தெரியுமில்ல, கலர் கலரா பூ பூத்து, தொட்டா கைய அறுக்குமே, அது. ஊட்டுக்கு ஒண்ணுன்னாலும் வருஷா வருஷம் புடுங்கினா பாதையும் மேடும் சுத்தமா இருக்கும்.

எங்க மலைக்கு எதுத்தாப்புல இன்னொரு மலை இருக்குது. அந்த ஊர்க்காரங்களுக்கும் ஒரு பண்டிகை இருந்துச்சு. அங்க காட்டக் காப்பாத்தறோம்னு கம்பி வேலி போட்டு ஆளுங்கள நிறுத்திட்டாங்க. பண்டிகை நின்னுச்சு. அந்த ஊர்ல அப்பறம் எவனும் பழைய தானியத்த வெதைக்கல, எதுக்கு வெதைக்கணும்? நாலஞ்சு வருஷத்துல அந்த மலை பூரா உண்ணி ஏறிடுச்சு. புல்லு காணோம், மான் காணோம். வேலி மட்டும் நல்லா இருக்குது.

நாலு வழி ரோடு போடறதுக்கு சூளகிரி பக்கம் புளியமரத்தையெல்லாம் வெட்டிச் சாச்ச வருஷம், எங்க மலைக்கும் அடிவாரத்துல ஒரு இரும்பு கேட்டு வந்துச்சு. கேட்டுக்கு ஒரு பூட்டு. பூட்டுக்கு ஒரு ஆபீசரு. சின்ன வயசுதான், கண்ணாடி போட்டவரு, மரியாதையாத்தான் பேசுவாரு. ஒவ்வொரு செடியையும் வாயில நொழையாத பேரு சொல்லிக் கூப்புடுவாரு. “இந்த மலையில இவ்வளவு வகை இருக்கறது பெரிய விஷயம், அதனாலதான் பூட்டறோம்”னாரு. அவரு சொன்ன முன்பாதி சரி. பின்பாதியிலதான் எங்களுக்கும் அவருக்கும் தகராறு.

ஊர்ல மனு எழுத ஆளு வேணும்னாங்க. ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போறவன், பேப்பரு படிக்கறவன்னு என்னய உக்கார வெச்சாங்க. எனக்குத் தலைகால் புரியல. எடுத்து வுட்டேன் பாருங்க. ‘ஐயா, ஏழு வகையறாவின் ஏழு முளையும் வந்து நின்றால் ஒழிய நாங்கள் மலையில் ஒரு காலும் வைக்க மாட்டோம். ஒன்று குறைந்தாலும் நாங்களே திரும்பிப் போவோம். இது எங்கள் பரம்பரை வழக்கம், சத்தியம்.’ சத்தியம்ங்கறதுக்கு அடியில ரெண்டு கோடு வேற இழுத்தேன்.

ஆபீசரு அதப் படிச்சிட்டு, “ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. உங்க வழக்கத்துக்கு நான் குறுக்க வரல. ஏழு கூடை வந்தா கேட்டத் தொறக்கறேன். ஆறு வந்தா நீங்களே எழுதின மாதிரி திரும்பிப் போயிடுங்க. ஆனா ஒரு வருஷம் நின்னுச்சுன்னா வழக்கம் நின்னு போச்சுன்னுதான் ஃபைல்ல எழுத முடியும். அப்பறம் கேட்டு தொறக்காது”ன்னாரு.

“அதெல்லாம் நிக்காது சார்”னு நெஞ்ச நிமித்திக்கிட்டு வந்தேன். ஊட்டுக்கு வந்து அண்ணன்கிட்ட, “நம்ம சாமை எந்தப் பானையில இருக்குது?”ன்னு கேட்டேன்.

“எந்தச் சாமை?”ன்னான்.

எங்க நெலத்த அண்ணன் பெங்களூர் பார்ட்டி ஒருத்தருக்கு ரோஜாக் கொட்டாய் போடக் குத்தகைக்கு வுட்டிருந்தான். பிளாஸ்டிக் கூரை, உள்ள வரிசை வரிசையா ரோஜா, முள்ளு கூட ஒரே அளவுல இருக்கும். ஒரு மூலைய மட்டும் சாமைக்குன்னு வெச்சிருந்தோம். அந்த மூலையில அந்த வருஷம் ஜெனரேட்டர் ரூம் கட்டிட்டாங்க. நெலமே இல்ல, வெதை எதுக்குன்னு பானையில இருந்ததையும் அண்ணி பொங்கிப் போட்டுட்டாங்க. அதுல ரெண்டு வாட்டி நானும் தின்னிருக்கறேன், மோர் ஊத்தி. நல்லாத்தான் இருந்துச்சு.

“ஊர்ல யாருக்கும் தெரியுமா?”

“நீதான் ஊருக்கே மனு எழுதறவனாச்சே, நீயே சொல்லிக்க”ன்னான் அண்ணன்.

அதுதான் விஷயம். எங்க கூடை வரலன்னா எங்க ஊட்டுக்கு மட்டும் நட்டம் இல்ல. ஏழு வகையறாவுக்கும் மலை போச்சு. அதுவும் நான் எழுதின மனுவாலயே போச்சு. நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. நானே பாத்துக்கறேன்னு ஓசூருக்கு பஸ் ஏறிட்டேன்.

ஓசூர்ல என்னோட ரூம்ல இருக்கறவன் திருநெல்வேலி பக்கத்துக்காரன். ஒரே கம்பெனி, ஒரே ஷிப்டு, ஒரே சோப்பு. அவன்கிட்ட மட்டும் சொன்னேன். “ஏலே, கடையில வாங்கிப் போடு, சாமி என்ன பில்லா கேக்கப் போவுது?”ன்னான். சரின்னு ரெண்டு பேரும் பஜார்ல தேடினோம். சுகருக்காரங்க சாப்புடறதுக்குன்னு ஒரு கடையில சாமை பாக்கெட் போட்டு வெச்சிருந்தாங்க. பாக்கெட் மேல அழகா ஒரு பச்சைக் கதிரு படம். அந்தப் படத்த நம்பினேன்.

சூப்பர்வைசருகிட்ட ஏற்கெனவே ரெண்டு தடவ சாகடிச்ச சித்தப்பாவ மூணாவது தடவையாச் சாகடிச்சு, காரியம் வரைக்கும் லீவு வாங்கிட்டு ஊருக்குப் போனேன். திங்கக்கெழம கூடையில வெதச்சேன். அடுத்த செவ்வா ஒம்பதாம் நாளு. தெனம் காலையிலயும் சாயங்காலமும் தண்ணி தெளிச்சேன். நான் ஒரு வேலைய இவ்வளவு ஒழுங்கா செஞ்சதப் பாத்து அண்ணிக்கே சந்தேகம் வந்துடுச்சு.

மூணு நாளு ஒண்ணும் இல்ல. நாலாம் நாளு, வியாழக்கெழம, கூடையத் தூக்கினா புளிச்ச மாவு நாத்தம். மொளை ஒண்ணு கூட இல்ல. சாமை உப்பி, வெளுத்து, சோறு மாதிரி கெடக்குது. மேல பூஞ்சாணம். அவரை ஊட்டுக்காரன் என் வயசுதான், அவன் வந்து, “எங்களுது மொளை விட்டுடுச்சு, உங்களுது எப்படிடா?”ன்னான். “எங்களுது கூச்ச சுபாவம்டா, லேட்டாத்தான் வரும்”னு அனுப்பி வெச்சேன்.

எங்க ஊர்ல தண்ணி டேங்கு மேல ஏறினாத்தான் டவரு கெடைக்கும். ஏறிக்கிட்டு ரூம்காரனுக்குப் போன் போட்டேன். விஷயத்தச் சொன்னேன். அவன் கேட்டான், “ஏலே, நாம வாங்குன சாமை வெள்ளையாவா இருந்துச்சு, பழுப்பாவா?”

“வெள்ளை.”

“சவத்து மூதி! அது அரிசில்லா! உமியக் குத்தி எடுத்துட்டா அப்பறம் எங்கருந்துலே மொளைக்கும்? எங்க ஊர்ல மொளைப்பாரி போடுற சின்னப் புள்ளைக்குக் கூட இது தெரியும்.”

“நீயும் கூட வந்துதானடா வாங்கின?”

“நான் உன்னைய நம்புனேம்லே. நீதானே சாமைக்காரன்?”

டேங்கு மேலயே உக்காந்துட்டேன். நெல்லு போடற ஊர்க்காரன் எவனாவது பச்சரிசிய நாத்தங்கால்ல வெதைப்பானா? நாங்கதான் வெதைப்போம். சாமைக்குன்னே பொறந்து, அதத் தட்டுல மட்டும் பாத்து வளந்து, கம்பெனியில டிரில்லிங் மிஷின் ஓட்டப் போன பசங்க. சொல்லவே வெக்கமா இருந்துச்சு. இப்பவும் இருக்குது. இருந்தாலும் எழுதறேன், ஏன்னா இந்தத் தப்பு நான் ஒருத்தன் செஞ்ச தப்பு இல்ல. உமிய எடுத்துட்டு உசுரு வரும்னு காத்துக்கிட்டு இருக்கறதுதான இங்க பல பேரு செய்யறது.

அஞ்சு நாளு இருக்குது. வேற வகையறாகிட்ட வாங்க முடியாது, அவங்ககிட்ட சாமை இருக்காது. இருந்தாலும் எங்க வெதைதான் வேணும். அப்பதான் எங்கக்கா ஞாபகம் வந்துச்சு. எங்க ஊர்லருந்து பொண்ணு கட்டிக் குடுக்கறப்ப, தாலி கட்டி முடிச்சதும் பொறந்த ஊட்டுத் தானியம் ஒரு கையளவு முந்தானையில முடிஞ்சு அனுப்புவாங்க. அக்காவக் கட்டிக் குடுத்தது பார்டருக்கு அந்தாண்ட, கர்நாடகா பக்கம், கன்னடம் பேசற ஊட்டுல. மூணு வருஷம் ஆச்சு. அவ முந்தானைய அவுத்து வெதச்சாளோ, கோழிக்குப் போட்டாளோ தெரியாது.

அன்னைக்கே கெளம்பினேன். ரெண்டு பஸ்ஸு மாறி, ஒரு டெம்போவுல தொங்கிக்கிட்டுப் போயி எறங்கினா, அக்கா தார் ரோட்டுல ராகிக் கதிரப் பரப்பி வெச்சிட்டு, வர்ற லாரி அது மேல ஏறட்டும்னு நின்னுக்கிட்டு இருந்தா. கல்லு உருட்டறதுக்குப் பதிலு லாரி டயரு. ஓசியில தாளடிக்கறது எங்க பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தைதான்.

என்னயப் பாத்ததும், “யார்ரா செத்தது?”ன்னா.

“ஏன்க்கா அப்படிக் கேக்கற?”

“சாவு விழாம நீ பார்டர் தாண்ட மாட்டியே.”

“சாமைதான் செத்துடுச்சு”ன்னு எல்லாத்தையும் சொன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள அவ ரோட்டோரம் உக்காந்து வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சா. லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான், எந்திரிக்க மாட்டேங்கறா. “அரிசிய வெதச்சியா? டேய், அடுத்த வருஷம் சோத்த வெதச்சிட்டு கொழம்பு மொளைக்கலன்னு வந்து நிப்ப!”

சிரிச்சு முடிச்சதும் மூஞ்சி மாறிடுச்சு. “அண்ணன் மூலையக் கூடவா குடுத்துட்டான்?”ன்னா. தலையாட்டினேன். உள்ள போயி ஒரு சுரைக் குடுக்கைய எடுத்தாந்தா. சாமை. பழுப்பா, பளபளன்னு, உமியோட. மாமியாரு நல்ல நெலத்துல போட வுடலயாம். ராகிக் காட்டு வரப்போரத்துல மூணு வருஷமா வெதச்சு, தானே குருவி ஓட்டி, தானே அறுத்து வெச்சிருக்கறா.

கைய நீட்டினேன். குடுக்கையப் பின்னாடி மறைச்சிக்கிட்டா.

“கூடைய நான்தான் தூக்குவேன்”னா.

“அக்கா, அது பசங்கதான் தூக்கணும். அதுவும் கட்டிக் குடுத்த பொண்ணு மலை ஏறக் கூடாது. உனக்குத் தெரியாதா?”

“எனக்கு எல்லாம் தெரியும். வெதையச் சுமந்துக்கிட்டு வர்றது பொண்ணு, மாமியாகிட்ட திட்டு வாங்கி வெதைக்கறது பொண்ணு. சோத்த வெதச்சவன் கூடை தூக்கறதா? போடா. வேணும்னா சொல்லு, இல்லன்னா மறுக்கா அந்தக் கடைக்கே போ.”

சரி, நீயே தூக்குன்னேன். எங்கக்காகிட்ட நான் எப்பவும் செயிச்சதில்ல. ஆனா அன்னைக்குத் தோத்ததுக்காகச் சரின்னு சொல்லல. அவ சொன்னது நெசம்.

அன்னைக்கு அங்கயே சாமைய ஊற வெச்சு, ஈரத்துணியில முடிஞ்சு, வெள்ளிக்கெழம காலையில ரெண்டு பேரும் வந்தோம். புளிச்ச மண்ணக் கொட்டிட்டு புது மண்ணு போட்டு வெதச்சேன். இந்தத் தடவ வெதைக்கறப்ப அக்கா பக்கத்துலயே நின்னா. தண்ணி நான் தெளிச்சேன், தெனமும் மூடியத் தூக்கிப் பாத்தது அவ. ஞாயித்துக்கெழம ஒரு வெள்ளைப் புள்ளி. திங்கக்கெழம ஊசி ஊசியா. செவ்வாக்கெழம காலையில ஒரு விரக்கடை ஒசரம். அவ்வளவுதான். அவரை ஊட்டுக் கூடையில ஒரு சாண் நிக்குது.

அடிவாரத்துக்குப் போனோம். கேட்டு பூட்டியிருக்குது. அந்தாண்ட ஆபீசரு, கையில ஃபைலு. ஃபைல்ல என் மனு. இந்தாண்ட ஊரு மொத்தமும். அக்கா தலையில கூடையோட வந்ததும் சலசலப்பு ஆயிடுச்சு. அவரை ஊட்டுப் பையனோட அப்பாதான் மொதல்ல ஆரம்பிச்சாரு. “கட்டிக் குடுத்த பொண்ணு தூக்கறது எந்த ஊரு வழக்கம்?”

அதுவரைக்கும் ஊர்ல மறைச்சு வெச்சிருந்தத அங்கதான் ஒடச்சேன். “எங்க நெலத்துல சாமை இல்லங்க மாமா. பானையிலயும் இல்ல. நான் கடையில அரிசி வாங்கி வெதச்சு அழுகிப் போச்சு. இந்த வெதை இருக்கறது அக்காகிட்ட மட்டும்தான். அவ தூக்கக் கூடாதுன்னா ஆறு கூடையோட திரும்பிப் போங்க. மாலைக்குள்ள ஃபைல மூடிடுவாங்க. எதுத்த மலைய ஒரு வாட்டி திரும்பிப் பாத்துட்டு முடிவு சொல்லுங்க.”

எல்லாரும் திரும்பித்தான் பாத்தாங்க. உண்ணிப்பூ செவப்பும் மஞ்சளுமா மினுக்கிக்கிட்டு இருந்துச்சு.

பூசாரி அக்காவப் பாத்து, “வெதை எந்த ஊட்டுது?”ன்னாரு.

“எங்கம்மா ஊட்டுது.”

“அப்பறம் என்ன, வெயிலு ஏறுது”ன்னு கூப்புட ஆரம்பிச்சிட்டாரு. ராகி வந்தாச்சு. தெனை வந்தாச்சு. அவரை ஊட்டுக்காரங்களும் மொணகிக்கிட்டே வந்துட்டாங்க. அப்பறம், “சாமை வந்தாளா?”

அக்காவுக்குப் பழக்க தோசம். மூணு வருஷம் அங்க இருந்தவ, “பந்தளம்மா!”ன்னு கன்னடத்துல கத்திட்டா. தமிழ் ஊட்டுத் தானியம் கன்னடத்துல பதில் சொல்லுது. ராகி ஊட்டுக்காரங்க விசில் அடிச்சாங்க. ஒருத்தரும் தப்புன்னு சொல்லல.

ஆபீசரு கேட்டுக் கம்பி வழியாவே கூடை கூடையாப் பாத்துக்கிட்டே வந்தாரு. அக்கா தலையில இருந்த எங்க கூடைய எக்கிப் பாத்து, கண்ணாடிய ஏத்தி வுட்டுக்கிட்டு, “இது ஒம்பது நாள் முளையா?”ன்னாரு.

“இல்ல சார், அஞ்சு நாளு. லேட்டா ஷிப்டுக்கு வந்துச்சு.”

“வழக்கப்படி ஒம்பது நாள்னு சொன்னீங்களே?”

“மனுவ நல்லாப் படிங்க சார். ஏழு மொளைன்னுதான் எழுதியிருக்கறேன். எத்தன நாளுன்னு எழுதல, எத்தன இஞ்சுன்னும் எழுதல. சத்தியத்துக்கு அடியில ரெண்டு கோடு கூடப் போட்டிருக்கறேன் பாருங்க.”

ஃபைலப் பாத்தாரு. என்னயப் பாத்தாரு. அக்கா கூடைய எறக்காமயே நின்னா, எறக்கினா பூட்டு தொறக்காதுங்கற மாதிரி. கடைசியில சாவிய எடுத்தாரு. கேட்டு கிறீச்சுன்னு தொறந்துச்சு. எண்ணெ போடாத கேட்டு, ஒரு வருஷத்துலயே அந்தச் சத்தம்.

ஆபீசரும் எங்க கூட ஏறினாரு. பாதையில ஆளாளுக்கு உண்ணிப் புதரப் புடுங்கறதப் பாத்துட்டு, “இது யாரு சொல்லி செய்யறீங்க?”ன்னாரு.

“அம்மா சொல்லித்தான் சார். எதுத்த மலையில வேலிக்கு அதச் சொல்ல வாய் இல்ல.”

அவருக்குக் கோவம் வரல. வந்திருந்தா எனக்குக் கொஞ்சம் சந்தோசமா இருந்திருக்கும். ஒரு புதர அவரும் புடிச்சு இழுத்தாரு, கையக் கிழிச்சிக்கிட்டாரு. ஊரு மொத்தமும் அம்மா பாட்டப் பாடிக்கிட்டே சுனைகிட்ட வந்ததும், அவரு பையிலருந்து சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவர எடுத்தாரு. “ஏழு தானியத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் குடுங்க. குளிர் ரூம்ல வெச்சா அழியாது. உங்க பாட்டையும் ரெக்கார்டு பண்ணிக்கறோம். ரெண்டும் பத்திரமா இருக்கும்”னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு.

நான் கேட்டேன், “குடுக்கறோம் சார். ஆனா கவருக்குள்ள அட்டெண்டன்ஸ் யாரு எடுப்பா? வெதைய ஒரு ரூம்லயும் பாட்ட ஒரு ரூம்லயும் வெச்சிட்டா, சாமை வந்தாளான்னு ஒருத்தன் கேக்கறப்ப வந்துட்டேன்னு சொல்றது யாரு? அப்படிக் கேக்க ஆளு இருக்கற வரைக்கும்தான் எவனாவது பார்டர் தாண்டி ஓடி வெதையக் கொண்டாருவான். நான் ஓடினது சாமை மேல இருக்கற பாசத்துல இல்ல சார். ஊரு முன்னாடி பேரு சொல்லிக் கூப்புடுவாங்களேன்னு பயந்து ஓடினேன்.”

அக்கா ஒரு பிடி சாமைய அவரு கவருல போட்டா. “வெச்சிக்கங்க சார். இவன் மறுபடியும் பொங்கித் தின்னுட்டான்னா உங்ககிட்டதான் வரணும்”னா. ஆபீசரு அப்பதான் மொத தடவ சிரிச்சாரு. போறப்ப ஃபைல்ல ‘வழக்கம் தொடர்கிறது’ன்னு எழுதிக்கிட்டுப் போனாரு. இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். அடுத்த தைக்கு மறுபடியும் பூட்டு, மறுபடியும் ஏழு கூடை.

எறங்கறப்ப அக்கா சொன்னா, “அடுத்த வருஷம் என்னய நம்பாத. மாமியா வரப்புலயும் தக்காளி போடணுங்கறா. நம்ம வெதைய நம்ம நெலத்துல போடு.” குடுக்கைய என் கையில வெச்சிட்டு பஸ் ஏறிட்டா.

நம்ம நெலம்னா ரோஜாக் கொட்டாய். அதுக்கும் எங்க வேலிக்கும் நடுவுல ஒரு நாலு முழ அகலத்துக்கு நீளமா மண்ணு சும்மா கெடக்குது. அத எனக்குக் குடுன்னு அண்ணன்கிட்ட கேட்டேன்.

“கொட்டாய்க்காரரு அங்க ஒரு புல்லு கூட இருக்கக் கூடாதுங்கறாரு. பூச்சி வருமாம்.”

“அவரு ரோஜா வந்து நாலு வருஷம் ஆவுது. நம்ம சாமை எத்தன வருஷமா இருக்குதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யாரு யாருக்கு எடம் வுடணும்?”

“நீ வெதச்சா அவரு மருந்தடிப்பாரு.”

“அடிக்கட்டும். மறுக்கா வெதைக்கறேன். எத்தன தடவ அடிப்பாரு?”

அண்ணன் வேலிப் பக்கம் ஒரு நடை போயிப் பாத்துட்டு வந்தான். அப்பறம், “வேலியோரமாப் போட்டுக்க. நான் பாக்கலன்னு சொல்லிடறேன்”னான். எங்கண்ணன்கிட்டருந்து அது பெரிய வரம்.

இப்ப ஆனி மாசம். முந்தாநேத்து நல்ல மழை, மண்ணு பதமா இருக்குதுன்னு அண்ணன் போன்ல சொன்னான். சொல்ல வேண்டிய அவசியமே அவனுக்கு இல்ல, ஆனா சொன்னான். கொட்டாய்க்காரரு என்ன சொல்லுவாரோ தெரியாது. சொல்லட்டும். மலையக் காப்பாத்தறேன்னு யாராரோ போர்டு வெக்கறாங்க. நான் போர்டு வெக்கப் போறதில்ல. நாலு முழ மண்ணுல வெதைக்கப் போறேன், தையில பூசாரி கூப்புடறப்ப எங்க ஊட்டுக் குரலு கேக்கும். எந்த பாசையில கேட்டாலும் சரி.

இத எழுதி முடிச்சதும் ரூம்காரன் கையில நோட்டக் குடுத்தேன். படுத்துக்கிட்டே ஒரு பக்கம் வுடாம படிச்சான். “நாளைக்குக் காலையில ஊருக்குப் போறேன்டா, சாமை வெதைக்கணும். சித்தப்பா நாலாவது தடவ செத்துட்டாருன்னு சூப்பர்வைசருகிட்ட சொல்லிடு”ன்னேன்.

நோட்ட மூடி என் மேல எறிஞ்சிட்டுச் சொன்னான்:

“இந்த மட்டமாவது உமி இருக்கான்னு பாத்து வெதைலே.”